சேனை வைத்தவள்

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வீட்டில் சண்டையும் திறந்தாயிற்று.

உமையாள் இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. எழுப்பினால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "கால் வரமாட்டேங்கு அத்தை" என்கிறாள். கால் வராமல் எங்கே போகும்? அவள் அம்மா ரேணுகா, அதாவது என் தம்பி பிரமநாயகத்தின் பெண்டாட்டி, பத்து வயதுப் பிள்ளைக்குத் தரையில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிவிடுகிறாள்.

"செல்லங் குடுத்தே பிள்ளைய நொண்டியாக்கிப் போடு" என்றேன்.

"இல்லங்க மதினி, முட்டி வீங்குன மாதிரி இருக்கு." தேனிக்காரி. எதிர்ப்பேச்சு பேசாமல் இருக்கமாட்டாள். ஆனால் குரலை உயர்த்தவும் மாட்டாள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

இந்தப் பிள்ளைக்குச் சேனை வைத்தவள் நான். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில், மற்றவர்கள் முந்துவதற்குள், சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் முதல் சொட்டு வைத்தது இந்தச் சங்கரவடிவுதான். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது ஊரறிந்தது. கணக்கில் கெட்டிக்காரத்தனம், பிடித்தால் விடாத பிடிவாதம், அடர்ந்த முடி எல்லாம் என் சொட்டு. இந்தச் சோம்பேறித்தனம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லி யாரிடமும் பொல்லாப்புத் தேடிக்கொள்ளப் போவதில்லை.

குற்றாலத்துச் சாரல் அம்பாசமுத்திரம் வரைக்கும் வீசுகிறது. காலையில் காபி டம்ளர் கைநழுவி விழுந்து உடைந்தது. குளிருக்கு விரல் மரத்துப் போகத்தானே செய்யும்?

ஜூன் 9

இன்று முதல் உருளைக்கிழங்கு, வாழைக்காய், மொச்சை மூன்றும் இந்த வீட்டு வாசல்படி ஏறாது. எல்லாம் வாய்வு.

ஜூன் 13

பத்திர ஆபீஸ் வாசலில் இருபத்தைந்து வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். சங்கரவடிவு எழுதிய பத்திரம் என்றால் உள்ளே ஒரு புள்ளிகூடக் குற்றம் சொல்லித் திருப்பமாட்டார்கள். இப்போது நான் சொல்லச் சொல்ல, என்னிடம் வேலை பார்க்கிற செல்வி கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். கையால் எழுதிய காலம் போய்விட்டது. கையெழுத்துக்கூடச் சுருக்கமாகப் போடுகிறேன், நேரம் மிச்சம்.

என் தொழில் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒரு நிலத்தில் வில்லங்கம் இருந்தால் அது ஆகாயத்திலிருந்து விழுந்திருக்காது. மூலப் பத்திரத்தை எடுத்துப் பின்னாலேயே போனால், எந்தக் கையில் அது நுழைந்தது என்று தெரிந்துவிடும். பிள்ளை நொண்டுவதற்கும் ஒரு மூலப் பத்திரம் இருக்கும். தேனிப் பக்கம் தேடினால் அகப்படும்.

ஜூன் 17

உமையாளால் பென்சில் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு இரண்டும் பணியாரம் போல உப்பியிருக்கின்றன. இது சோம்பேறித்தனம் இல்லை என்று நான்தான் முதலில் சொன்னேன். ரேணுகா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உள்ளூர் டாக்டர் திருநெல்வேலிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 24

மூட்டு டாக்டர் ஜமீலா சின்னப் பெண். மேலப்பாளையத்துக்காரி. நம்ம ஊர்ப் பேச்சுதான் பேசுகிறாள், அதனால் கொஞ்சம் மன்னிக்கலாம். வியாதிக்குப் பெயர் சிறார் மூட்டுவாதமாம்.

"உடம்புக்குன்னு ஒரு காவல் படை இருக்கும்மா. கிருமி வந்தா அடிச்சு விரட்டணும். இந்தப் பிள்ளைக்கு அந்தக் காவல், வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிக்குது. அதான் மூட்டு வீங்குது."

வீட்டு ஆளையே அடிக்கிற காவலா? என்ன புத்திகெட்ட காவல்! இதைச் சொல்லிவிட்டு ரேணுகா பக்கம் திரும்பினேன். எதற்கோ அவளுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது மூட்டு வீக்கம், காலையில விரல் மடக்க முடியாம..."

டாக்டர் முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "எங்க பக்கம் வில்லங்கமே கிடையாது. மூணு தலைமுறைக்கு நான் ஜவாப்தாரி. அவ பக்கம் விசாரிக்கணும்."

டாக்டர் என் கையைப் பார்த்தாள். ஏ.சி. அறை, குளிர் தாங்கவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிற மாத்திரை ஒன்று. மற்ற நாளுக்கு ஒரு சத்து மாத்திரை. கண்ணையும் காட்டச் சொன்னாள். சில பிள்ளைகளுக்கு இந்த வியாதி சத்தமில்லாமல் கண்ணுக்குள்ளும் போகுமாம். "இப்பவே பிடிச்சா மூட்டு தப்பிச்சுக்கும். விட்டா வளைஞ்சிரும். வளைஞ்சது நிமிராது" என்றாள்.

பஸ்ஸில் உமையாள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். இந்தப் பிள்ளையின் விரல் வளையக்கூடாது. அது போதும் எனக்கு, வேறு எந்த வரமும் வேண்டாம்.

ஜூன் 26

தேனிக்கு போன் போட்டு நலம் விசாரிப்பது போலத் துருவினேன். ரேணுகாவின் பெரியப்பாவுக்கு முழங்கால் வலியாம்! கிடைத்தது மூலப் பத்திரம்!

வயது எண்பத்தொன்றாம். அதனால் என்ன, வலி வலிதானே.

ஜூன் 29, ஞாயிறு

முதல் மாத்திரை. சாயந்தரம் பிள்ளைக்குக் குமட்டல். எனக்கு மனசே சரியில்லை.

ஜூலை 2

மருந்துக் கடை சுடலைமுத்துவிடம் மாத்திரை அட்டையைக் காட்டினேன். "யக்கா, இது கேன்சருக்குக் குடுக்கதுல்லா?" என்றான். வளரும் பெண்பிள்ளைக்கு இதையா கொடுப்பது? நாளைக்கு ஒருத்தன் பெண் பார்க்க வந்து, சின்ன வயதில் என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டால் என்ன சொல்வது?

அட்டையையும் டாக்டர் சீட்டையும் என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பாபநாசத்திலிருந்து மூலிகைத் தைலம் வருகிறது.

தம்பியிடம் சொன்னேன். "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான். அவன் நல்ல பிள்ளை. ரேணுகாவிடம், "டாக்டரம்மா ஆயிரஞ் சொல்லுவா, சாப்பிடுதது நம்ம பிள்ளைல்லா" என்றேன்.

"டாக்டருட்ட ஒரு போன் போட்டுக் கேப்போம் மதினி. குறைச்ச அளவுலதான் கொடுக்கிறாங்கன்னு அன்னைக்கே சொன்னாங்களே."

"எனக்குத் தெரியாததா?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. வீடு என் பெயரில் இருப்பதில் இப்படிச் சில சௌகரியங்கள் உண்டு.

ஜூலை 6, ஞாயிறு

தைலம் தேய்த்தோம். வாசனை நன்றாக இருக்கிறது. பிள்ளை தொட்டாலே கத்துகிறாள்.

ஜூலை 10

அம்மைக்குத் தெவசம். படத்துக்கு மாலை போட்டேன். எங்கள் வீட்டில் அம்மைக்கு இந்த ஒரு படம்தான். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்பாள். அந்தக் காலத்துப் பெண்களுக்கு அப்படி ஓர் அடக்கம்.

உமையாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆச்சி ஏன் கையக் காட்ட மாட்டேங்கா?" என்றாள்.

"போட்டோக்காரன் அப்படி நிக்கச் சொன்னான்."

அம்மை கையால் இடிக்காத மாவு இல்லை, துவைக்காத துணி இல்லை. அந்தக் கைக்கு ஒன்றும் வரவில்லை. உழைத்த கை கொஞ்சம் கோணத்தான் செய்யும்.

எனக்கு இருபத்து நான்கு வயதில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மின்சார வாரியத்தில் வேலை. அம்மை காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அத்தைக்காரி அம்மை கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் வரை பத்துக்கு ஒன்பது பொருந்தியிருந்த ஜாதகம்! ஜோசியன் கணக்குத் தப்பாகப் போட்டிருப்பான். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் காபி எடுத்துப் போனேன்; அம்மை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

இதை ஏன் இன்று எழுதினேன் என்று தெரியவில்லை. தெவசத்துக்கு வடை இருபத்தொன்று சுட்டோம்.

ஜூலை 14

கைமேல் பலன்!

டாக்டர் ஜமீலா தம்பிக்கு போன் செய்திருக்கிறாள். மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். மூட்டுவாதம் வந்த பிள்ளைகளின் ரத்தத்தையும் அவர்களுடைய *அம்மாக்களின்* ரத்தத்தையும் சோதிக்கிறார்களாம். அம்மாவின் உடம்புக் காவலுக்கான மரபணு பிள்ளைக்கு எப்படி வியாதியைக் கொண்டுவருகிறது என்று பார்க்கிறார்களாம். அம்மா என்ற சொல்லுக்கு நானே அடிக்கோடு போட்டுவிட்டேன்.

அப்பாவின் ரத்தம் வேண்டாம். அத்தையின் ரத்தம் வேண்டாம். அம்மாவின் ரத்தம்தான் வேண்டும். நான் பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கண்டுபிடித்ததை, இவர்கள் இப்போது மிஷின் வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். தீர்ப்பை நேரில் கேட்கவேண்டும்.

ஜூலை 16

வரிசையாக எழுதுகிறேன், கை கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது.

ரேணுகாவிடம் ரத்தம் எடுத்தார்கள். கையை நீட்டினாள். பிறகு டாக்டர் உட்காரவைத்து விளக்கினாள்.

"பிள்ளைக்குப் பாதி மரபணு அப்பாட்ட இருந்து, பாதி அம்மாட்ட இருந்து. அப்பம் அம்மாட்ட இருக்கதுல மீதிப் பாதி பிள்ளைக்கு வராதுல்லா? நாங்க பாக்கது அந்த வராத பாதியத்தான்."

"வராததப் பாத்து என்ன செய்ய?"

"அங்கதாம்மா விஷயம். வயித்துல இருக்கும்போது அம்மாவோட அணுக்கள் கொஞ்சம் பிள்ளை உடம்புக்குள்ள போயிரும். போனது வருஷக்கணக்கா அங்கேயே இருக்கும். அப்பம், மரபு வழியா வராத குணமும் ஒரு வழியில உள்ள போய் உக்காந்துருது. பிள்ளையோட காவல் படை அதப் பாத்துத்தான் எது நம்ம ஆளு, எது வேத்தாளுன்னு படிக்குதோ என்னமோ."

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பத்திரத்தில் பெயர் இல்லை. ஆனால் ஆள் உள்ளே குடியிருக்கிறான். அனுபவ பாத்தியதை! ஆபீஸ் வாசலில் பார்க்காத வழக்கா? "அப்பம் அம்மா எழுதிக் குடுத்ததும் தப்பு, எழுதிக் குடுக்காததும் தப்பு!" என்றேன். ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புன்னு யாரு சொன்னா?" என்று டாக்டர் கொஞ்சம் வேகமாகவே கேட்டாள். "சில ஆராய்ச்சியில இதனால வியாதி கூடுதுன்னு வருது. சிலதுல அம்மாவோட அந்த வராத மரபணுவே பிள்ளையக் காப்பாத்துதுன்னு வருது. இன்னும் முடிவாத் தெரியாது. தெரியாததுனாலதான் ரத்தம் எடுக்கோம்."

"ரிசல்ட்டு என்னைக்கு வரும்?"

"வீட்டுக்கெல்லாம் வராது. நூத்துக்கணக்கான அம்மா பிள்ளைகளச் சேத்துப் பாத்தாத்தான் ஏதாவது தெரியும். ஒரு வீட்டுல வந்து, உன்னாலதான்னு கை காட்ட இது உதவாது."

தீர்ப்பே சொல்லாத கோர்ட்டுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

அடுத்து உமையாளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். ரேணுகா என்னைப் பார்த்தாள். கூட வந்திருந்த தம்பி கூரையைப் பார்த்தான். கேன்சர் மருந்து என்று நான் விளக்கவேண்டியதாயிற்று.

"கேன்சருக்குக் குடுக்க அளவு வேற, இது வேற. ரத்தத்தச் சோதிச்சுச் சோதிச்சுத்தான் குடுப்போம். தைலத்துக்கு இந்த வியாதி அடங்காது. மூணாவது ஞாயித்துக்கிழமையும் விட்டுப்போட்டு வந்து என் முன்னால நிக்காதீங்க."

கிளம்பும்போது என்னை மட்டும் நிறுத்தி, "உங்க அம்மா கை எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தங்கமான கை."

"உங்க ரத்தமும் ஒரு தடவ பாக்கணும்மா."

"ஆராய்ச்சி அம்மாமாருக்குத்தான?"

"ஆராய்ச்சிக்கு இல்ல. உங்களுக்கு."

சின்னப் பெண்ணுக்கு வாய் நீளம்.

இன்னும் ஒன்று உண்டு. பஸ்ஸில் ரேணுகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு பேசினாள்.

"மதினி, என் பக்கமிருந்துதான் வந்துச்சுன்னே வச்சுக்கிருவோம். எங்க பெரியப்பா, எங்க அம்மா, நான், எல்லாருஞ் சேந்துதான் கொண்டுவந்தோம். நீங்களே பத்திரம் எழுதுங்க. நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மாத்திரைய மட்டும் குடுத்துருங்க."

அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழம வரட்டும், பாப்போம்" என்றேன். எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

ஜூலை 18

வாதி கேட்டதை எல்லாம் பிரதிவாதி எழுதித் தருகிறேன் என்கிறாள். கேஸ் ஜெயித்துவிட்டது. சாப்பாடு ஏனோ இறங்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் ரேணுகா காய் வாங்கப் போயிருந்தாள். தம்பி ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தான். நானும் பிள்ளையும்தான் வீட்டில்.

"அத்தை, பாத்ரூம் போணும், தூக்கிவிடு" என்று உமையாள் கூப்பிட்டாள். கட்டிலில் அப்படியே மரக்கட்டை மாதிரிக் கிடந்தாள், முட்டி மடங்கவில்லை. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். என் மணிக்கட்டு கைவிட்டுவிட்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். பிள்ளையால் அடக்க முடியவில்லை. பாவாடையெல்லாம் நனைந்துவிட்டது. பத்து வயதுப் பெண், வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு, "அம்மாட்ட சொல்லாத அத்தை, பள்ளிக்கூடத்துல சொல்லாத அத்தை" என்று விம்மினாள்.

நாசமாய்ப் போக, என் மரியாதையும் பத்திரமும்!

"இரு கண்ணு, மாத்திர எடுக்கேன்" என்று பீரோவுக்குப் போனேன்.

சாவியை நுழைத்தேன். திருக வரவில்லை. பூட்டில் ஒன்றும் கோளாறு இல்லை, காலை நேரத்தில் அது எப்போதும் இப்படித்தான். அதனால்தான் நான் பீரோவை மத்தியானத்துக்கு மேல் திறப்பது வழக்கம். இரண்டு கையாலும் பிடித்தேன். உமையாள் தரையில் நகர்ந்து, கட்டில் காலைப் பிடித்து எழுந்து வந்து, என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். நான்கு கை, ஒரு சாவி. அசையவில்லை. "விடாத அத்தை, திருகு, திருகு" என்கிறாள். "நீ திருகுட்டி" என்கிறேன் நான். திடீரென்று பிள்ளை சிரித்துவிட்டாள். மூக்கில் சளியும் கண்ணில் நீருமாக ஒரு சிரிப்பு.

"அத்தை, ஒனக்கும் காலையில கை கல்லாட்டம் இருக்குமா?"

"சாரல்ட்டி."

"சாரல் போன வாரமே நின்னுட்டுல்லா?"

நான் அடுப்படிக்குப் போய்க் கரண்டியை எடுத்துவந்தேன். சாவியின் வளையத்துக்குள் காம்பை விட்டு, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினேன். படக்கென்று திறந்தது.

"ஐ! எப்பிடித் தெரியும் அத்தை?"

"எங்கம்மை இப்பிடித்தான் தொறப்பா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கணக்கில் கெட்டிக்காரி. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று அந்த முகத்தில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். எட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பம் எனக்கு இது ஒன்ட்ட இருந்துதான் வந்திருக்கு. நீதான அத்தை சேனை வச்ச!"

குற்றமாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னாள். என் முடி வந்தது, என் கணக்கு வந்தது, இதுவும் வந்தது என்று என்னைச் சமாதானப்படுத்துகிறாள். நான் உட்கார்ந்து அழுதேன். எழுதத்தான் வேண்டும், வாய்விட்டே அழுதேன்.

மாத்திரை கொடுத்துவிட்டேன். ரேணுகா பையோடு உள்ளே வந்தபோது தரையில் ஈரம், சாவியில் கரண்டி தொங்குகிறது, பிள்ளை கையில் தண்ணீர் டம்ளர். பையை வைத்துவிட்டு மகளைக் கழுவிவிடக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, பூட்டிலிருந்து கரண்டியை எடுத்து, அதே கரண்டியால் எனக்கு உப்புமா கிண்டினாள்.

ஜூலை 22

தம்பியிடம் அம்மை கையைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"தெரியும்க்கா. அம்மைக்கு நான்தான சோறு பிசைஞ்சு குடுப்பேன். ஒன் கையும் தெரியும். நீ சொல்லல, அதனால நானுஞ் சொல்லல."

அப்படியானால் இத்தனை நாள் ரேணுகாவை நான் பேசும்போதெல்லாம் இவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான்? நல்ல பிள்ளை என்று நான் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, ஆனால் இன்று அவனுக்கு இரண்டாவது தோசை வைக்கவில்லை.

ஜூலை 29

உமையாளைக் காட்டப் போன இடத்தில், போனதுதான் போனோம் என்று நானும் ரத்தம் கொடுத்தேன். கையைப் படம் எடுத்தார்கள். முந்தானையை விட்டு வெளியே எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். டாக்டர் ஒரு பெயர் சொன்னாள். அந்தப் பெயரை எழுத இந்தப் பக்கத்தில் இடம் போதாது.

"வளைஞ்சத நிமித்த முடியாதும்மா. மிச்சத்தக் காப்பாத்தலாம். அஞ்சாறு வருஷம் முன்னால வந்திருக்கலாம்."

"வேலையில்லாம இருந்தா வந்திருப்பேன்" என்றேன்.

கடைசியாகக் கேட்டும்விட்டேன். "இப்பம் சொல்லுங்க. பிள்ளைக்கு இது அவ பக்கமா, எங்க பக்கமா?"

"உங்க பக்கம் இருந்தும் வந்திருக்கலாம். அவங்க குடுத்ததுலயும் இருக்கலாம், குடுக்காததுலயும் இருக்கலாம். அவங்க குடுக்காம விட்டது ஒண்ணுதான் இந்த மட்டோட நிறுத்தி வச்சிருக்கோ என்னமோ. யாரு கண்டா? உங்களுக்கே உங்க அம்மா அணுக்கள் கொஞ்சம் இன்னும் உள்ள இருக்கும்."

அம்மை இன்னும் எனக்குள் இருக்கிறாளாம். அடுப்படியை விட்டு வெளியே வராதவள் இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வரும் வழியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கையை மடியில், வெளியே வைத்துக்கொண்டு வந்தேன். காற்றுக்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்டு 3, ஞாயிறு

தைலப் புட்டியை எறிந்தாயிற்று. உருளைக்கிழங்குப் பொரியல். பிள்ளை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆகஸ்டு 11

பத்திர ஆபீஸில் செல்வி, "உங்க மருமவளுக்கு என்னமோ மூட்டு வியாதியாம், அவ அம்மை வழியாமே?" என்றாள். ஊர் முழுக்க இதை யார் பரப்பியது என்று எனக்குத் தெரியும். போன மாதம் என்னுடைய இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் பரப்பினாள்.

"அவ அம்மை வழின்னு எந்த மடச்சி சொன்னா?" என்று கேட்டேன்.

செல்வி என்னை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

உமையாளின் மணிக்கட்டு வீக்கம் வடிய ஆரம்பித்திருக்கிறது. பென்சில் பிடிக்கிறாள். மாடிப்படி இறங்கும்போது மட்டும் இன்னும் கம்பியைப் பிடிக்கிறாள். கண் சுத்தமாக இருக்கிறதாம். இன்னும் நாளாகும், அடங்குவதும் தலைதூக்குவதுமாக இருக்கும், மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் குமட்டலுக்குப் பயந்து பிள்ளை மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். தனியாகப் போடமாட்டாளாம். அதனால் நானும் அவளோடு ஒன்று போடுகிறேன். டாக்டர் எனக்கும் சீட்டு எழுதியிருக்கிறாள்தான். ஆனாலும் நான் போடுவது பிள்ளைக்குத் துணைக்கு.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பீரோ இப்போது பூட்டுவதில்லை. ரேணுகா இரண்டு அட்டையையும் எடுத்துவந்தாள். உமையாள் தன் மாத்திரையைத் தானே பிதுக்கி எடுத்து விழுங்கிவிட்டு, "ம், ஒன் முறை அத்தை" என்றாள். என் அட்டையின் தகரத் தாளை என்னால் கிழிக்க முடியவில்லை. சாரல்கூட இல்லை, என்ன சொல்வது? நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ரேணுகா என் கையிலிருந்து வாங்கிப் பிதுக்கினாள். விரல் நுனியில் மாத்திரையை வைத்துக்கொண்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள், மகளுக்குச் சாக்ஸ் மாட்டிவிடும்போது உட்காருகிற மாதிரி.

"வாயத் தொறங்க மதினி. நான் சேனை வைக்கிறேன். இனிமே என் குணம்தான் உங்களுக்கு வரப்போகுது."

உமையாள் கைதட்டிச் சிரித்தாள். தம்பி சிரிக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான். நல்ல பதிலாக ஒன்று என் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் மாத்திரையை அங்கே வைத்துவிட்டாள்.

கசந்தது. துப்பவில்லை. "தண்ணி குடு தாயி" என்றேன்.